டிஸ்க் வளையவில்லை: பிரேக் மிதி ஏன் துடிக்கிறது?

நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதிக்கிறீர்கள். வண்டி நிற்கத்தான் செய்கிறது. ஆனால் காலடியில் மிதி டுப் டுப் டுப் என்று துள்ளுகிறது. ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறுகிறது. வேகம் குறையக் குறையத் துடிப்பும் மெதுவாகி, நிற்பதற்குச் சற்று முன் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருக்கிறது.

இதை யாரிடம் சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சூட்டில் டிஸ்க் பெண்டு ஆகியிருக்கும், மாற்றிவிடுங்கள்." டிஸ்க்கை மாற்றியதும் துடிப்பு நிற்கும். ஐந்தாறு மாதம் கழித்து அதே துடிப்பு திரும்ப வரும். "இந்த டிஸ்க்கும் மட்டமான சரக்கு" என்று அடுத்ததை மாற்றுவார்கள். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் நடந்தது. இரண்டு முறை டிஸ்க் மாற்றிய பிறகுதான் கோளாறு டிஸ்க்கிலேயே இல்லை, அது உட்காரும் இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. பெண்டு என்ற ஒரு சொல் எத்தனை பேரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது என்பதைப் பார்த்ததால்தான் இந்தக் கட்டுரை.

டிஸ்க் பிரேக் என்ன செய்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். அதன் இருபுறமும் பேடு எனப்படும் இரண்டு உராய்வுக் கட்டைகள் இருக்கும். பேடுகளைத் தாங்கிக்கொண்டு டிஸ்க்கின் மேல் கவ்வி போல உட்கார்ந்திருப்பது காலிப்பர். மிதியை அழுத்தினால் அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகக் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனுக்குப் போகிறது. பிஸ்டன் பேடைத் தள்ள, இரண்டு பேடுகளும் டிஸ்க்கை நடுவில் வைத்து இறுக்குகின்றன. சைக்கிள் ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் பிடிப்பதும் இதே வேலைதான்.

பெரும்பாலான சாதாரணக் கார்களில் பிஸ்டன் உட்புறம் மட்டும்தான் இருக்கும். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் வழுக்கி நகரும். பிஸ்டன் உட்புறப் பேடைத் தள்ளும்போது காலிப்பர் எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து ஒட்ட வைக்கிறது. காலிப்பர் நகரக்கூடியது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் விஷயத்துக்கு அதுதான் சாவி.

ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதும் இந்த உரசலில் வெப்பமாக மாறுகிறது. 1200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வெளிப்படும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அத்தனையும் சில நொடிகளில் வருகிறது. இதைக் கேட்டால் "அவ்வளவு சூட்டில் தட்டு வளையாமல் இருக்குமா?" என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தத் தவறான முடிவு பிறக்கும் இடமும் இதுதான்.

இரண்டு விரலும் ஒரு அட்டையும்

ஒரு பழைய அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். அட்டை வளைந்திருந்தால் என்ன ஆகிறது? இரண்டு விரலும் சேர்ந்தே ஒரு பக்கம் போகும், சேர்ந்தே மறுபக்கம் வரும். விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறுவதில்லை.

இப்போது அந்த அட்டையில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி இழுங்கள். அந்த இடம் வரும்போது விரல்கள் விலகும், தாண்டியதும் நெருங்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் அந்த மேட்டைச் சொல்லிவிடலாம்.

பிரேக்கிலும் இதேதான் நடக்கிறது. டிஸ்க் கொஞ்சம் ஆடிக்கொண்டு சுழன்றால், நகரக்கூடிய காலிப்பர் அதோடு சேர்ந்து ஆடிக்கொடுத்துவிடும். மிதியில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால் தப்பிக்க வழியில்லை. தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது பிஸ்டன் பின்னால் தள்ளப்படுகிறது. பிரேக் ஆயில் அமுங்காத திரவம், ஆகவே அந்தத் தள்ளல் அப்படியே உங்கள் காலுக்கு வந்து சேர்கிறது. அதோடு அந்த ஒரு கணம் பிடிமானமும் கூடுகிறது. பிடிமானம் கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து வருவதைத்தான் ஸ்டியரிங்கின் உதறலாக உணர்கிறோம்.

எனவே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் ஆடுவது கோட்டம். சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பார்களே, அதே கோட்டம்தான். டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறுவது தடிமன் வேறுபாடு. காலில் துடிப்பது இரண்டாவது.

இத்தனை சின்ன அளவு எப்படித் தெரிகிறது?

தடிமன் வேறுபாடு 0.02 மி.மீ. இருந்தாலே பல கார்களில் துடிப்பு தெரிய ஆரம்பிக்கும். சாதாரண ஏ4 தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு! கண்ணுக்கும் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 54 மி.மீ. என்றும், மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 21 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பரப்பளவில் பிஸ்டன் ஆறரை மடங்கு பெரியது. பிஸ்டன் பின்னுக்குப் போகும் தூரம் மாஸ்டர் சிலிண்டரில் ஆறரை மடங்காகிறது. மிதியின் நெம்புகோல் அதை இன்னொரு நான்கு மடங்காக்குகிறது. 0.02 மி.மீ. இப்படிப் பெருகிப் பெருகி உங்கள் பாதத்துக்கு வரும்போது அரை மி.மீ. ஆகிவிடுகிறது. மிதிக்கும் பலத்தைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரும் ரப்பர் குழாய்களும் கொஞ்சம் விழுங்கிக்கொண்டாலும் மிச்சம் இருப்பதே போதும்.

அந்தத் துடிப்பு எத்தனை வேகத்தில் வரும்? சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், 72 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு மேடு என்றால் நொடிக்குப் பத்துத் துடிப்பு. வேகம் பாதியானால் துடிப்பும் பாதி. சக்கரத்தின் வேகத்தோடு துடிப்பும் ஒட்டியே குறைகிறதென்றால், சுழலும் ஏதோ ஒரு பாகத்தில்தான் கோளாறு என்று நம்பிச் சொல்லலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: டிஸ்க் ஆடுவதை விட, அதன் தடிமன் மாறுவதுதான் துடிப்புக்கு நேரடிக் காரணம். அதற்கு ஒரு முடியளவு கூடத் தேவையில்லை. சரி, சீராகக் கடைந்து வந்த டிஸ்க்கின் தடிமன் எப்படி மாறுகிறது?

முதல் வழி: கோட்டம் தேய்க்கும் தேய்மானம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிரேக்கை மிதிக்காமல் ஓடும்போது நடக்கும் கதை என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

காலை எடுத்ததும் பேடுகள் டிஸ்க்கை விட்டு வெகுதூரம் போய்விடுவதில்லை. மயிரிழை அளவு இடைவெளியில் பக்கத்திலேயே நிற்கின்றன. டிஸ்க்கில் கோட்டம் இருந்தால், அது சுழலும்போது ஒரு பக்கம் வெளிப்புறப் பேடை லேசாகத் தொட்டுப் போகும். அரைச் சுற்று கழித்து எதிர்ப்பக்கம் உட்புறப் பேடைத் தொட்டுப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு இடங்கள்தான். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 500 முறைக்கு மேல் சுற்றுகிறது. 1000 கி.மீ. ஓடினால் 5 லட்சம் தொடல்கள். ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாத உரசல்தான், ஆனால் எல்லாம் சேர்ந்து அந்த இரண்டு இடங்களையும் மெலிய வைத்துவிடுகின்றன.

புது டிஸ்க் போட்ட அன்று எல்லாம் சரியாக இருந்துவிட்டு, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு துடிப்பு தொடங்குவது இதனால்தான். போட்ட அன்றே கோட்டம் இருந்தது. அது தடிமன் வேறுபாடாக மாற இத்தனை நாள் எடுத்துக்கொண்டது. நடுவில் நாம் "சூட்டில் வளைந்துவிட்டது" என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

கோட்டம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஹப்பிலிருந்து. ஹப் என்பது டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தி உட்காரும் சுழலும் பகுதி. அதன் முகத்தில் துரு ஏறியிருந்தால் டிஸ்க் சாய்ந்து உட்காரும். 14 செ.மீ. அகலமுள்ள ஹப் முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. துருச்செதிள் ஒன்று மாட்டிக்கொண்டால், 28 செ.மீ. டிஸ்க்கின் விளிம்பில் அது 0.1 மி.மீ. கோட்டமாகிவிடும். இன்னொரு காரணம் வீல் நட்டுகள். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னை வைத்து ஒன்றைப் பலமாகவும் ஒன்றை லேசாகவும் முடுக்கினால் டிஸ்க்கின் நடுப்பகுதி ஒருபக்கமாக இழுபடும். டயர் மாற்றிய பிறகு சில வாரங்களில் பிரேக் துடிக்கத் தொடங்கினால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

காலிப்பர் பின்கள் இறுகிப்போனாலும் பேடு டிஸ்க்கை விட்டு விலகாது. அப்போது உரசலும் அதிகம், சூடும் அதிகம்.

இரண்டாவது வழி: மேலே படியும் பூச்சு

பேடு வெறுமனே டிஸ்க்கைச் சுரண்டுகிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் பேடிலிருந்து மிக மெல்லிய ஒரு படலம் டிஸ்க்கின் மேல் ஏறி ஒட்டிக்கொள்கிறது. பேடும் இந்தப் படலமும் பிடிப்பதில்தான் பிரேக்கின் வலிமையில் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே படலம் கெட்டதல்ல. அது சீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரும்பலகையைத் துடைக்கும் டஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராக இழுத்தால் பலகை முழுக்க மெல்லிய வெண்மை பரவும். ஓரிடத்தில் அழுத்தி நிறுத்திவிட்டு எடுத்தால் அந்த இடத்தில் டஸ்டரின் அச்சு விழும். பிரேக்கும் அப்படித்தான். நெடும் சரிவில் இறங்கி, பிரேக் கடுமையாகச் சூடாகியிருக்கும் நேரத்தில் வண்டியை நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால், பேடின் வடிவத்திலேயே ஒரு திட்டு டிஸ்க்கில் பதிந்துவிடலாம். அந்த இடம் கொஞ்சம் தடித்தும் இருக்கும், பிடிமானமும் வேறாக இருக்கும்.

அதன் பிறகு நடப்பதுதான் மோசம். தடித்த திட்டு ஒவ்வொரு முறையும் மற்ற இடங்களை விட அதிகமாகச் சூடாகிறது. ஏறத்தாழ 700 டிகிரி அளவுக்குச் சூடு போனால் அந்த இடத்தில் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி, சிமென்டைட் என்ற கடினமான இரும்புச் சேர்மம் உருவாகிறது. சுற்றியிருக்கும் இரும்பு தேய, இது தேயாமல் மேடாக நிற்கிறது. மேடு மேலும் சூடாகிறது, மேலும் பரவுகிறது. மேலோட்டமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படலம் போகும், சிமென்டைட் போகாது. துடிப்பு திரும்பி வந்துவிடும்.

பல வாரங்கள் ஈரத்தில் நிறுத்தி வைத்த வண்டியில் இன்னொரு வகை உண்டு. பேடு மூடியிருந்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் ஒரு மாதிரியும் துருப்பிடிக்கும். லேசான துரு சில முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். குழி விழுந்திருந்தால் போகாது.

அப்படியானால் டிஸ்க் வளைவதே இல்லையா?

வளையவே வளையாது என்று நான் சொல்லவில்லை. தவறாக முடுக்கிய நட்டினால் இழுபடுவதும் ஒருவகை வளைவுதான். அளவுமீறிச் சூடாகும்போது உருமாறுவதும் உண்டு. மலை இறக்கத்தில் மட்டும் துடித்து, ஆறியதும் காணாமல் போகும் துடிப்பு அந்த வகையைச் சேர்ந்திருக்கலாம். ஆனால் தினசரி ஓட்டத்தில் டிஸ்க் சூடாகி நிரந்தரமாக முறுக்கிக்கொள்வது அபூர்வம். வளைந்துவிட்டது என்று கழற்றிய டிஸ்க்கைச் சுத்தமான ஹப்பில் மாட்டி அளந்தால், கோட்டம் அளவுக்குள் இருப்பதும் தடிமன் மட்டும் மாறியிருப்பதும்தான் பெரும்பாலும் தெரிய வரும்.

ஓட்டியே எவ்வளவு கண்டுபிடிக்கலாம்?

கழற்றுவதற்கு முன் நிறையவே தெரிந்துகொள்ளலாம். பிரேக் தொடாமலேயே உதறுகிறதா? அப்படியென்றால் வீல் பேலன்ஸ், டயர், ரிம் பக்கம் பாருங்கள். பிரேக் தொட்டால் மட்டும் துடிக்கிறதா? அது நம் விஷயம்.

வழுக்கும் சாலையிலோ திடீர் பிரேக்கிலோ மட்டும் காலடியில் கிர்ர்ர் என்று வேகமாக அதிர்ந்தால், அது ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு, தன் வேலையைச் செய்கிறது. அதற்குப் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து இருக்கையும் மிதியும் மட்டும் துடித்தால் பின்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் டிரம் வட்டம் தவறினாலும் மிதி துடிக்கும். முன்பக்க சஸ்பென்ஷனில் புஷ், பால் ஜாயிண்ட் போன்ற இணைப்புப் பாகங்கள் தேய்ந்திருந்தால் சின்னத் துடிப்பும் பெரிதாகத் தெரியும். ஆனால் அவை துடிப்பை உண்டாக்குவதில்லை, பெரிதாக்கிக் காட்டுகின்றன.

மிதி மெத்தென்று உள்ளே போவது, வண்டி ஒருபக்கம் இழுப்பது, இரும்போடு இரும்பு உரசும் சத்தம் ஆகியவை வேறு கோளாறுகள். இவற்றில் ஏதாவது இருந்தால் சோதனை ஓட்டமே வேண்டாம், வண்டியை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

கழற்றி அளப்பது

இங்கேதான் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அளந்து பார்த்தீர்களா?" பார்த்த மாத்திரத்தில் 0.02 மி.மீ. வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது.

தடிமனை மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். விளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே, வட்டத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் எட்டு இடங்கள். கோட்டத்துக்கு டயல் கேஜ். அது ஒரு சின்ன முள்ளுள்ள கடிகாரம் போன்ற கருவி. அதன் முனையை டிஸ்க்கில் தொடவைத்துச் சுழற்றினால் ஆட்டத்தை முள் காட்டும். சக்கரம் இல்லாதபோது டிஸ்க் தளர்ந்து நிற்கும் என்பதால், முதலில் நட்டுகளை வாஷரோடு போட்டு ஹப்போடு இறுக்கிக்கொள்ள வேண்டும். கோட்டத்துக்குப் பல தயாரிப்பாளர்கள் தரும் எல்லை 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. உங்கள் வண்டிக்கு உரிய எண் அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

என் காரில் இரண்டாவது டிஸ்க்கும் துடித்தபோது, கழற்றும் இடத்தில் நானும் பக்கத்தில் நின்றேன். டிஸ்க் வந்த பிறகு ஹப்பின் முகம் தெரிந்தது. நட்டு போல்டுகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் துரு பொருக்குப் பொருக்காக நின்றது. நகத்தால் கீறினேன், ஒரு செதிள் உதிர்ந்தது. முந்தைய இரண்டு முறையும் அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுப் பத்து நிமிடம் தேய்த்த பிறகு, அதே டிஸ்க்கை மாட்டிச் சுழற்றியபோது டயல் கேஜின் முள் முன்பு ஆடியதில் பாதிகூட ஆடவில்லை. நான் செய்த இரண்டு செலவுகளுக்கும் விடை அந்தச் செதிளில் இருந்தது.

சரிசெய்வது

ஹப்பைச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. டிஸ்க் மாற்றினாலும் சரி, கடைந்தாலும் சரி, இதை விட்டால் மற்ற எல்லாம் வீண். போல்டுகளின் அடிப்பகுதியைச் சுற்றியும், டிஸ்க்கின் உட்புறத்தில் ஹப்போடு பொருந்தும் முகத்திலும் தேய்க்க வேண்டும். அப்புறம் காலிப்பர் பின்கள் கையால் தள்ளினால் நகர்கின்றனவா, பிஸ்டன் சீராக உள்ளே போகிறதா என்று பார்த்து, பின்களுக்கு அதற்குரிய பிரேக் கிரீஸ் வைக்க வேண்டும். கண்ட கிரீஸையும் வைத்தால் ரப்பர் உறைகள் ஊதிப்போகும்.

சுத்தம் செய்தும் கோட்டம் கொஞ்சம் மிச்சம் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி அடுத்த போல்டு துளைக்குத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் ஒரு நிலை கிடைக்கலாம். அந்த நிலையைச் சாக்பீஸால் குறித்து வைத்தால் அடுத்த முறை கழற்றினாலும் அதே இடத்தில் மாட்டலாம்.

தடிமன் வேறுபாடு வந்துவிட்ட டிஸ்க்குக்கு இரண்டு வழிகள். ஒன்று லேத்தில் கடைவது, அதாவது ஸ்கிம்மிங். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் போதிய இருப்பு இருந்தால்தான் கடைய வேண்டும். வண்டியிலேயே மாட்டியபடி கடையும் லேத் கிடைத்தால் நல்லது, ஹப்பின் சாய்வும் சேர்ந்தே சரியாகிவிடும். இன்னொரு வழி புது டிஸ்க். அளவுமீறிய சூட்டைக் காட்டும் நீலத் திட்டுகளோ மயிரிழை விரிசல்களோ இருந்தால் நான் கடையச் சொல்லமாட்டேன், மாற்றத்தான் சொல்வேன். எதுவானாலும் ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். பேடுகளும் புதிதாக இருப்பது நல்லது, பழைய பேடில் பழைய மேடு பள்ளத்தின் அச்சு இருக்கும். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கடைசியாக வீல் நட்டுகள். கையால் திருகி உட்கார வைத்து, எதிரெதிராக நட்சத்திர வடிவில் இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். இறுதி முடுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் சொன்ன அளவுக்கு. பல கார்களில் அது ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால், துரு தேய்த்த பத்து நிமிட உழைப்பும் போய்விடும்.

புதுப் பேடைப் பழக்குவது

மாட்டியதும் வண்டி நகரும் முன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியாக வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தள்ளி வைத்த பிஸ்டன்கள் முதல் அழுத்தங்களில்தான் பேடு வரை வந்து சேரும்.

அப்புறம் வாகனமில்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். மறுபடி வேகம் எடுத்து, நடுவில் கொஞ்சம் காற்றாட ஓடவிட்டு, இதையே பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். பேடின் படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் பரவுவது இப்படித்தான். பேடு தயாரிப்பாளர் வேறு முறை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். முடிந்ததும் சில கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். வழியில் நிற்க வேண்டிவந்தால், முழு பலத்தோடு மிதித்தபடி நிற்காமல், பேடு ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டிருக்காதபடி அவ்வப்போது வண்டியை ஓரிரு அடி முன்னால் நகரவிடுங்கள்.